நடு அக்காவுக்கு, கைகள் தங்கைக்கு

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஒரு பல் கிளினிக்கில் மேபல் உதவியாளராக இருந்தாள். டாக்டர் கூப்பிட்டால் எழுந்து போவாள். கூப்பிடாதபோது அவள் மடியில் குரோஷா ஊசி ஓடிக்கொண்டிருக்கும். பல்வலியோடு காத்திருப்பவர்கள் கன்னத்தைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெள்ளை நூலில் ஒரு வளையம், அதைச் சுற்றி ஆறு சின்ன இதழ்கள். அத்தோடு நூலை அறுத்துவிட்டு அடுத்ததை ஆரம்பித்துவிடுவாள். என்ன இது, பாதியிலேயே விட்டுவிட்டாயே என்று யாராவது கேட்டால், கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் பனிப்பூ என்றும் மீதியைத் தங்கச்சி போடுவாள் என்றும் சொல்வாள்.

இந்த நவம்பரிலும் ஓர் ஆட்டோக்காரர் அப்படிக் கேட்டார். பழக்கதோஷத்தில் மேபலின் வாய் அதே பதிலைச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் கை நின்றது. தங்கை ஐரின் அவளிடம் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பனிப்பூவுக்கு ஆறு கைகள். நடுப்பகுதி மேபலுடையது, கைகள் ஐரினுடையவை. கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில், அம்மா வகுத்த ஏற்பாடு அது. சிறுமியாக இருந்தபோது மேபல் நூலை இழுத்துப் பிடித்துப் பின்னுவாள். முழுப் பூவையும் அவளே போட்டால் ஓரம் சுருண்டு கிண்ணமாகிவிடும். ஐரினின் கை நேர்மாறு. அவள் பின்னுவதெல்லாம் தொளதொளவென்று, பொரித்த அப்பளம் மாதிரி நெளியும். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு பெரியவள் நடுவைப் போடட்டும், சின்னவள் கைகளைப் போடட்டும் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அப்படிச் செய்த முதல் பூ மேசையில் தட்டையாகப் படுத்துக்கொண்டது.

அந்த வீட்டில் யாரும் பனியைப் பார்த்ததில்லை. ஊரைச் சுற்றி, தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய வெளுத்த மண் குன்று குன்றாக நின்றது. பெருங்காற்று அடித்தால் அதன் தூசி பறந்து வந்து கொடியில் காயும் துணி மேலும் கூரை மேலும் மெல்லிசாகப் படியும். பனி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அக்காவும் தங்கையும் பேசிக்கொள்வார்கள். டிசம்பரில் அம்மா ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சி, ஆறவைத்து, பூக்களை அதில் முக்கி, தலையணை மேல் விரித்துக் கைக்கு ஒரு குண்டூசியாகக் குத்திவைப்பாள். பூமிக்கு அடியில் வெந்துவிட்டு வரும் அப்பா குளித்துவிட்டு நேராக அந்தத் தலையணையிடம்தான் வருவார். ஈரம் காயாத ஒரு பூவை எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார். கஞ்சி மூக்கில் வழியும். "லண்டன் வந்துட்டன், யாரும் எழுப்பாதீங்க" என்பார். அம்மா திட்டத் திட்ட இவர்கள் இருவரும் சிரித்துச் சிரித்து, கிறிஸ்துமஸ் பலகாரத்துக்குக் குல்குல் உருட்டிவைத்த தட்டைக்கூட ஒருமுறை கவிழ்த்துவிட்டார்கள்.

கல்யாணமாகி மேபல் ஆஸ்டின் டவுனுக்கு வந்தாள். ஐரின் ஹெப்பகோடிக்குப் போனாள்; அவள் கணவர் கிளெமென்டுக்கு பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஊர் பிரிந்ததே தவிர ஏற்பாடு மாறவில்லை. நவம்பர் கடைசியில் நடுக்கள் ஒரு பொட்டலமாக ஐரினிடம் போகும். டிசம்பரில் ஒரு நாள் இருவரும் தங்கவயலுக்குப் போகும் மாரிக்குப்பம் ரயிலில் ஏறி அம்மாவிடம் போவார்கள். ஐரின் ரயிலிலும் கைகளைப் பின்னிக்கொண்டே வருவாள். கஞ்சி போட்டுக் காய்ந்ததும் ஆளுக்குப் பாதி. இரண்டு வீட்டிலும் கிறிஸ்துமஸ் மரமாக நட்டுவைத்த சவுக்குக் கிளையில் ஒரே மாதிரிப் பூக்கள் தொங்கும். அப்பா இறந்து அங்கேயே அடக்கமான பிறகும் அந்த ரயில் பயணம் நின்றதில்லை.

அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது மேபல்தான் பெங்களூருக்கு அழைத்துவந்து வைத்துக்கொண்டாள். போன வருஷம் அக்டோபரில், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் அம்மா போய்ச் சேர்ந்தாள். அன்று பிற்பகலே ஓசூர் ரோடு கல்லறையில் அடக்கம் என்று மேபல் முடிவு செய்தாள். கிளெமென்டும் ஐரினும் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தபோது குழி வெட்டியாகிவிட்டது. ஐரின் அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்பா பக்கத்தில் ஓர் இடம் இருந்ததே என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு போனை எடுப்பதையே நிறுத்திவிட்டாள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு இரண்டு வீட்டிலும் நட்சத்திரம் கட்டவில்லை, பலகாரமும் சுடவில்லை. சாவு விழுந்த வீட்டில் முதல் வருஷம் வழக்கம் அதுதான். அதனால் பனிப்பூ இல்லாத குறை யார் கண்ணிலும் படவில்லை. இந்த வருஷம் அப்படியில்லை. இந்த டிசம்பரும் பேச்சில்லாமல் கழிந்தால் இனிமேல் இப்படித்தான் என்று ஆகிவிடும். மேபலுக்கு அந்தப் பயம் வந்துவிட்டது. அதோடு, கேட்க ஆளில்லாமல் நடுக்கள் பிஸ்கட் டப்பா நிறைய சேர்ந்துகொண்டே போயின.

கைகளையும் தானே போட்டுப் பார்த்தாள். சுருண்டது. பெரிய ஊசி வாங்கி முயன்றாள், அப்போதும் சுருண்டது. அவள் கணவர் ஆம்ப்ரோஸ், ஸ்கூல் வேன் ஓட்டிவிட்டு வந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர், ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல இட்லி ஊத்தலாம் மேபலு."

"உங்களுக்குச் சிரிப்பா இருக்குது."

"சிரிக்கல. கமர்ஷியல் ஸ்ட்ரீட்ல பிளாஸ்டிக்ல தொங்குது, வாங்கியாறன். இல்லன்னா எழுந்து போயி உன் தங்கச்சிய பாரு. நடுவுல வேற வழி இல்ல."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மேபல் டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள். ஹெப்பகோடிக்கு இப்போது மெட்ரோ வந்துவிட்டிருந்தது. முன்பெல்லாம் சில்க் போர்டு நெரிசலில் பஸ் நின்று நின்று போகும். ஐரினிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் யோசித்துவைத்துக்கொள்ள நேரம் இருக்கும். இந்த ரயில் அதற்கு இடம் கொடுக்காமல் சட்டென்று கொண்டுபோய் இறக்கிவிட்டது.

கதவைத் திறந்தவர் கிளெமென்ட். "வாங்கக்கா" என்று சொல்லிவிட்டு, உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டு, பால் வாங்கி வருவதாகச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஐரின் தையல் மிஷினில் யாருடைய ரவிக்கையையோ தைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தாள். மேபல் டப்பாவைத் திறந்து கட்டில் மேல் வைத்தாள். ஐரின் பார்த்தாள், தொடவில்லை.

வெகுநேரம் வேறு எதையெதையோ பேசினார்கள். கிளெமென்டுக்கு ஷிஃப்ட் மாறியது, ஆம்ப்ரோஸுக்குச் சர்க்கரை கூடியது. கடைசியில் மேபல்தான் விஷயத்துக்கு வந்தாள். பூசை முடிந்து வரும் வழியில் அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம், மெழுகுவத்தி ஏற்றலாம், பக்கத்தில் இருக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்ததாகச் சொன்னாள்.

"உனக்குப் பக்கம். சரி" என்றாள் ஐரின். "அப்பாவுக்கு?"

மேபல் டப்பாவின் மூடியை எடுத்துத் திருப்பி வைத்தாள்.

"நீ இங்க வெச்சது கூட பரவால்லக்கா. மழை, வண்டி கெடைக்காது, எனக்கும் புரியுது. ஆனா நீ போன் பண்ணி என்னைக் கேக்கல. சொன்ன. மூணு மணிக்கு அடக்கம், வந்துருன்னு சொன்ன. எனக்கும் அவங்க அம்மாதான?"

"அவசரத்துல..."

"எல்லாத்துலயும் அப்படித்தான். நீ ஆரம்பிச்சு அனுப்புவ, நான் முடிச்சுக் குடுக்கணும். இத்தினி வருஷத்துல ஒரு தடவை என்னை ஆரம்பிக்கச் சொல்லியிருக்கியா?"

"அது அம்மா சொன்னது, ஐரின். நீ ஆரம்பிச்சா அப்பளம் மாதிரி ஆயிடும்."

சொல்லியிருக்கக் கூடாது என்று சொன்னவுடனேயே தெரிந்தது. ஐரின் எழுந்து மிஷின் டிராயரைத் திறந்தாள். கோபத்தில் மறுபடி தைக்க உட்காரப் போகிறாள், நம்மைப் போகச் சொல்லப் போகிறாள் என்று மேபல் நினைத்தாள். ஆனால் ஐரின் எடுத்தது நூல் உருண்டையும் ஊசியும். உட்கார்ந்து, அக்காவைப் பார்க்காமல், ஒரு நடு போட ஆரம்பித்தாள். அவள் கைக்கே உரிய தளர்ந்த வளையம், பெரிய பெரிய இதழ்கள். முடித்து, நூலை அறுக்காமல் ஊசியோடு அப்படியே மேபலிடம் நீட்டினாள்.

"இந்த வருஷம் கை நீ போடு."

மேபல் வாங்கிக்கொண்டாள். அவள் விரல்கள் அவற்றுக்குத் தெரிந்ததைச் செய்தன. முதல் கை முடிந்தது, இரண்டாவது முடிந்தது. மூன்றாவதிலேயே அவள் நூலை இழுத்த இழுப்பில் அந்தத் தளர்ந்த நடு மேலெழும்பிக் குவிந்துகொண்டது. ஐரின் அதை வாங்கி ஒரு நூலைப் பிடித்து இழுத்தாள். மூன்று கைகளும் சரசரவென்று பிரிந்து வெறும் நூலாகிவிட்டன. நடுவை மறுபடி அக்காவின் கையில் கொடுத்தாள். திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. இரண்டாவது தடவையும் அப்படியே நடந்தது.

பால் பாக்கெட்டோடு வந்த கிளெமென்ட் வாசலில் நின்று பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் அடுப்படிக்குப் போய் டீயைத் தானே போட்டார்.

மூன்றாம் தடவை மேபல் ஊசியை நுழைத்துவிட்டு நின்றாள். ஒரு கைக்கு இத்தனை சங்கிலிப் பின்னல் என்று அவளுக்கு வழக்கமான கணக்கு ஒன்று இருந்தது. ஆனால் அது இறுக்கமான நடுவுக்கான கணக்கு. இது வேறு, இது ஐரின் ஆரம்பித்தது. இதற்கு எவ்வளவு நூல் வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்பது ஐரினுக்குத்தான் தெரியும். ஐம்பது வயது தாண்டியும் அந்தச் சின்னக் கேள்வியை அவள் தங்கையிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

"எத்தினி சங்கிலி போடட்டும்?"

ஐரின் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைக் கட்டில் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் கையிலிருந்த நடுவை விரலால் நீவிப் பார்த்தாள்.

"ஏழு போடு. இழுக்காத."

மேபல் ஏழு போட்டாள். இழுக்கவில்லை.