அப்பாவின் வேட்டியில் காய்ந்த தக்காளி

இன்று மருமகள் தக்காளி சாஸ் பாட்டிலைத் திறந்ததும் எழுந்த புளிப்பு வாடை, காங்கேயத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்து வாசலுக்கே என்னைக் கொண்டுபோய்விட்டது. இப்போது அங்கே எண்ணெய் மில் நிற்கிறது. அன்றைக்குச் சீமைத் தக்காளி எங்களுக்குப் புதுசு; வாய்க்கால் ஓரத்துச் செடிகள் காய்த்துக் கொட்ட, தின்று தீராத பழங்களை அம்மா இரண்டாக அரிந்து, உப்பில் புரட்டி, கயிற்றுக்கட்டிலில் துணி விரித்துக் காயப்போடுவாள்; நானும் தங்கையும் நாள் முழுக்கக் காக்கை விரட்டுவோம்.

எறும்பு தெரிய வெள்ளைத் துணிதான் வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். அந்த வருஷம் அவள் விரித்தது, மறுநாள் அப்பா தன் மாமன் வீட்டுக் கல்யாணத்துக்குக் கட்டவிருந்த ஒரே நல்ல வேட்டி. எவ்வளவு சவுக்காரம் போட்டும் கறை வட்டங்கள் அசையவில்லை.

“ஆராச்சும் கேட்டா, முறைக்காரிங்க வெளையாட்டுக்கு மஞ்சத்தண்ணி ஊத்திப்போட்டாங்கன்னு சொல்லிப்போடுங்க,” என்றாள் அம்மா.

கறை வேட்டியோடு கல்யாண வீட்டுக்குப் போன அப்பா அப்படியே சொன்னார், அதுவும் தன் மாமன் மகள்கள் மூன்று பேரிடமே.

“ஏனுங்க மச்சான், முறைக்காரிங்க நாங்க மூணு பேரு இங்க இருக்கறப்ப, எவ வந்து உங்க மேல ஊத்துனா?” என்று மூத்தவள் சண்டைக்கே வந்துவிட்டாள். பிறகு மூவரும் ஆளுக்கொரு குடம் ஊற்றினார்கள்.

தலைமுதல் கால்வரை மஞ்சளாக வந்து நின்ற அப்பாவை அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“பாத்தீங்களா, தக்காளிக் கறை தெரியவே இல்லீங்க.”