இரவு ஷிப்டில் இருப்பவளுக்கு எது காலை?

முதல் அறிகுறி வாந்தியும் இல்லை, மயக்கமும் இல்லை. ஆறு நாள் தள்ளிப்போனது, அவ்வளவுதான். கல்யாணமாகி எட்டு வருடம், வயது முப்பத்தேழு. அந்த ஆறு நாளை நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

புக்கிட் ரம்பாயில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு. அப்போது எனக்கு இரவு ஷிப்ட். மருந்துக்கடையில் கர்ப்பம் பார்க்கும் குச்சி நான்கு வாங்கினேன். ஒன்று போதும் என்று யார் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். பெட்டியில் 'காலையின் முதல் சிறுநீர்' என்று போட்டிருந்தது.

கம்பெனி பஸ் என்னை வீட்டு முனையில் இறக்கும்போது காலை ஏழே முக்கால். காலை என்றால் காலைதானே என்று நேராகக் குளியலறைக்குப் போனேன். தூக்கம் வராமலிருக்க விடிய விடிய கோப்பியும் தண்ணீருமாகக் குடித்தவள், இடைவேளைக்கு இடைவேளை கழிவறைக்குப் போய் வந்தவள். ஏறக்குறைய வெறும் தண்ணீரைத்தான் சோதித்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.

நான்கு காலை, நான்கு குச்சி. எல்லாவற்றிலும் ஒற்றைக் கோடு. கடைசிக் குச்சியை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி பார்த்தால் பார்க்கட்டும் என்றிருந்தது.

மறுநாள் லேசாக உதிரம் பட்டது. இடது அடிவயிற்றில் வலி. மாதவிடாய்தான் என்று முடிவுகட்டி, தலையணையில் முகம் புதைத்து அழுதேன். என் கணவர் சரவணன் லூபோக் சீனா பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர். வேலைக்குக் கிளம்பியவர் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஒரு சைடு மட்டும் வலிக்குதுங்கிற. கிளினிக் போயிட்டு வருவோம்லா."

"எதுக்கு? இல்லைன்னு இன்னொருத்தர் வாயால கேக்கவா?"

அவர் லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் வலி மாத்திரை போட்டுக்கொண்டு மூன்று நாள் வேலைக்குப் போனேன்.

மூன்றாம் நாள், ஷிப்ட் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே வயிற்றைக் கிழிப்பதுபோல் வலித்தது. கூடவே தோள்பட்டையிலும் வலி. பக்கத்தில் நின்ற கமலா அக்காதான் என்னைத் தாங்கிப் பிடித்தார்.

"வயித்தப் புடிச்சிக்கிட்டு தோள் வலிக்குதுங்கிற, என்னா புள்ள நீ!" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினார்.

மருத்துவமனையில் இரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் நம் தமிழ்ப் பெண், என்னைவிட இளையவர். கட்டிலருகே குனிந்து சொன்னார்: "கர்ப்பமா இருக்கீங்க அக்கா. ஆனா கருப்பையில இல்ல."

முதல் பாதியைக் கேட்க எட்டு வருடம் காத்திருந்தேன். இரண்டாம் பாதி அதை ஒரு மூச்சுகூட வைத்துக்கொள்ள விடவில்லை.

அது குழாய்க் கர்ப்பம் (கரு கருப்பைக்கு வந்து சேராமல் கருக்குழாயிலேயே தங்கி வளர்வது). குழாய் வெடித்து உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்தது; தோள் வலியும் அதனால்தான். அன்றே அறுவை செய்து இடது குழாயை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் டாக்டரிடம் கேட்டேன்: "நாலு தடவ பாத்தேன் டாக்டர். காலையிலதான் பாத்தேன்."

"ராத்திரி தூங்குனீங்களா?"

"நைட் ஷிப்ட்."

"மணி பாக்கக் கூடாது அக்கா. நல்லா தூங்கி எழுந்து மொதல்ல போறதுதான் கணக்கு. அதுலதான் கர்ப்ப ஹார்மோன் கெட்டியா இருக்கும். குழாயில தங்குனா அதுவே கம்மி. தண்ணி வேற நெறைய குடிச்சிருக்கீங்க."

"முன்னாடியே வந்திருந்தா புள்ளையக் காப்பாத்தியிருக்கலாமா?"

"முடியாது. குழாயில தங்குனது புள்ளையா வளராது. குழாயை வேணும்னா... ஒருவேளை."

அந்த 'ஒருவேளை'யோடுதான் இன்றும் குடித்தனம் நடத்துகிறேன்.

என்னைப் போல ஷிப்டுக்குப் போகும் பெண்களே, நாள் தள்ளிப்போகும்வரை பொறுங்கள். எத்தனை மணியானாலும் நீண்ட தூக்கத்திலிருந்து எழுந்ததும், எதுவும் குடிக்குமுன் பாருங்கள். ஒற்றைக் கோடு வந்தும் மாதவிடாய் வரவில்லையென்றால் சில நாள் கழித்து மறுபடி பாருங்கள். ஒரு பக்க வலியோ, வழக்கத்துக்கு மாறாக உதிரமோ இருந்தால் குச்சி என்ன சொன்னாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். புருஷன் கூப்பிட்டால் வாயாடாமல் கிளம்புங்கள்.

வயிற்றில் மூன்று சின்ன அறுவைக் காயங்களும் ஆறித் தழும்பாகிவிட்டன. பத்து மாதம் ஓடிவிட்டது. போன வாரம் மறுபடி தள்ளிப்போனது. இம்முறை முறையாகப் பார்த்தேன். இரண்டு கோடு வந்தது. கத்திக் குதிப்பேன் என்று இத்தனை வருடம் கற்பனை செய்திருந்தவள், மிச்சக் குழாய் இருக்கும் வலது அடிவயிற்றை அழுத்தி வலிக்கிறதா என்று பார்த்தேன். பிறகு சரவணனிடம், "சட்டையப் போடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன். நல்லதா கெட்டதா என்றுகூடக் கேட்காமல் அவர் சட்டையை மாட்டினார்.

ஸ்கேனில் இன்னும் ஒன்றும் தெரியவில்லையாம். அவ்வளவு சின்னது. ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள், வலித்தால் உடனே. இன்று மூன்றாம் நாள். எட்டு வருடம்கூட எப்படியோ ஓடிவிட்டது. இந்த மூன்று நாள் நகர்கிறதா என்றே தெரியவில்லை. இருமினால் பயம், திரும்பிப் படுத்தால் பயம். எனக்குள் ஓர் உயிர் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.