இடுப்பில் கட்டிய ஸ்கீ ஜாக்கெட்

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பனி கொட்டுவதில்லை. ஆனாலும் எங்கள் கோயிலுக்கு வரும் ஒரு மனிதர் ஸ்கீ ஜாக்கெட், அதுதான் பனிச்சறுக்கு ஜாக்கெட், இல்லாமல் வந்து நான் பார்த்ததில்லை. மற்ற ஆண்கள் சட்டையைக் கழற்றிச் சால்வையை இடுப்பில் கட்டுவார்கள். இவர் வேட்டிக்கு மேலே ஜாக்கெட்டின் இரண்டு கைகளையும் இழுத்து முடிந்துகொள்வார். ஸிப்பில், சறுக்க வருகிறவர்களைப் பனிமலை உச்சிக்கு ஏற்றிவிடும் லிஃப்டின் பழைய டிக்கெட் தொங்கும், ஊர் பார்க்கட்டும் என்று.

ஒருநாள் அன்னதான வரிசையில் அவருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். சோறு வரும்வரை பாடம் நடந்தது. லிஃப்டில் ஏறிச் சறுக்கி இறங்குவது டவுன்ஹில்லாம், அது சின்னப் பிள்ளையளுக்காம். சமதரையில் தள்ளித் தள்ளிப் போவது கிராஸ் கன்ட்ரியாம், அது கிழடுகளுக்காம். லிஃப்ட் இல்லாத மலையில் தானே ஏறிச் சறுக்குவது பேக்கன்ட்ரியாம். “அதுதான் தம்பி உண்மையான ஸ்கீயிங்!” லிஃப்ட் டிக்கெட் தொங்கத் தொங்கத்தான் இதைச் சொன்னார்.

எரிச்சலில் கேட்டேன்: “அண்ணை, வேகமாச் சறுக்கிப் போகேக்க எப்பிடி நிக்கிறது?”

“அது எனக்கு இன்னும் சரிவரேல்லை. விழுந்துதான் நிக்கிறனான்,” என்றார், பருப்புக்குத் தட்டை நீட்டியபடி.

நிற்கவே தெரியாத மனிதர் மலைக்குத் தரம் பிரிக்கிறார்! வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். ஆனால் விழுந்துதான் நிற்பதாகச் சொன்னபோது அவர் முகத்தில் துளி வெட்கம் இருக்கவில்லை. அவரை எந்த வகையில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.