காலிக் கட்டத்தில் கிடைத்த ஆள்

கம்ப்யூட்டருக்குச் சோதனை எழுதிப் பிழைப்பவர்களே, திரையில் ‘எல்லாம் சரி’ என்று வந்ததும் டீ குடிக்கக் கிளம்பியவர்கள்தானே நாம்? எண்பதுகளின் கடைசியில், கொடைக்கானலில் ஒரு சேவை அலுவலகத்தில் நானும் அப்படித்தான் கிளம்பினேன். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி, வழியில் பிரிந்துபோனவர்களைத் தேடித் தருவது எங்கள் வேலை.

இருபதும் தேறின

ஆளின் பெயரைத் தட்டினால், எங்களிடம் பெயர் கொடுத்தவர்களின் பட்டியலில் அந்த எழுத்துகள் உள்ள வரியை எடுத்துத் தரும் நிரல் என்னுடையது. அதைச் சோதிக்க இருபது பெயர்க் கட்டங்களோடு ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். அதில் மூன்று கட்டங்களை நிரப்ப மறந்திருந்தேன். காலிக் கட்டத்துக்கு எந்த வரியும் பொருந்தும் என்பதால் அந்த மூன்றும் ‘கிடைத்தது’ என்றே வந்தன. நான் கவனிக்கவில்லை. படிவம் நிரப்பும் எஸ்தர் பாராட்டவே செய்தார்.

“ஒண்ணுகூடத் தப்பலியே சார், ராசியான கைங்க உங்களுக்கு!”

சொல்லாத பெயர்

கணவரைத் தேடி லெட்சுமியம்மாள் வந்தார். கப்பலில் தனித்தனியாக வந்ததில் பிரிந்தவர்கள். கணவர் பெயரைக் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய அண்ணனிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று எஸ்தர் கட்டத்தைக் காலியாக விட்டார். அந்தப் படிவம் மற்றவற்றோடு சேர்ந்து அப்படியே ஏறிவிட்டது. ‘கிடைத்தது’ என்றது நிரல். பட்டியலின் முதல் வரியில் இருந்தவர் ஆறுமுகம், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். முகவரிச் சீட்டை நான்தான் கொடுத்தேன். லெட்சுமியம்மாளுக்கு வாசிக்கத் தெரியாது. பெயர் சொல்லாமலே ஆள் கிடைத்ததில் அவருக்கு ஆச்சரியமே இல்லை.

“அவங்க பேர நான் எப்பிடிங்க சொல்றது? மிஷினுக்குத் தெரியாமலா இருக்கும்?”

புது வேட்டி

கணவருக்கென்று புது வேட்டி வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனார். மூன்றாம் நாள் அந்த வேட்டியோடே திரும்பி வந்தார். படிவத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். பெயர்க் கட்டம் காலியாக இருந்தது. தப்பு என்னுடையது என்று அவரிடமே சொல்லி அழுதேன். அண்ணனை வரவழைத்துச் சரியான பெயரைத் தட்டினோம். ‘இல்லை’ என்றது நிரல். இந்த முறை அது சொன்னது உண்மை. ஆறுமுகமும் தன் மனைவியைத் தேடித்தான் எங்களிடம் பெயர் கொடுத்திருந்தார். லெட்சுமியம்மாள் என்னைத் திட்டவில்லை.

“அந்த மனுசனும் பாவங்க. சம்சாரம் வந்திருக்குன்னு சொன்னதும் மூட்டைய அப்பிடியே போட்டுட்டு ஓடியாந்தாரு.”

அன்றிலிருந்து, கட்டம் காலியாக இருந்தால் ‘இல்லை’ என்று வருகிறதா என்பதே என் முதல் சோதனை. அந்த ஒரு வரியை எழுதும் புத்தி வர, பாவப்பட்ட இரண்டு பேர் ஓட வேண்டியிருந்தது.