மிஸ்டு கால் பிறந்த வீடு

டெலிபோன் எந்தச் சீமையில் பிறந்தது என்பதில் நமக்கு வழக்கு ஒன்றுமில்லை. அந்தப் பெயரை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். ஆனால் மிஸ்டு கால் பிறந்தது சங்கரன்கோவிலில், தறிச் சத்தத்தில் சுவரெல்லாம் தாளம் போடும் ஒரு தெருவில், மீரா பீவியின் வீட்டில். நம்பாதவர்கள் பஸ் ஸ்டாண்டில் இறங்கி யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பார்க்கலாம். தெரியாது என்பார்கள். கண்டுபிடித்தவர்களுக்கு உள்ளூரில் என்றைக்கு மரியாதை இருந்திருக்கிறது? கடையநல்லூர்க்காரர்கள் அது தங்களுடையது என்று சொல்லித் திரிவதாகக் கேள்வி. அவர்கள் எதைத்தான் விட்டார்கள்!

மீரா பீவி தார் சுற்றுகிறவள். விசைத்தறியில் ஓடும் நாடாவுக்கு நூல் சுற்றிக் கொடுப்பது அவள் வேலை. கலியாணமான மறுவருஷம், தொண்ணூற்றேழில், புருஷன் மம்மது சவுதிக்குப் போனார். வீட்டில் ஒரு போனை வைத்துவிட்டுத்தான் போனார். வந்த முதல் காலை அவள் எடுத்து, "நல்லா இருக்கியளா?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள் அழ ஆரம்பித்தாள். ஏழு நிமிஷம் அழுகை மட்டும்தான். அந்த ஏழு நிமிஷத்துக் காசுக்காக மனுஷர் அங்கே பத்து நாள் ராத்திரிச் சாப்பாட்டை விட்டாராம். கடிதத்தில் எழுதியிருந்தார். அதே கடிதத்தின் அடியில்தான் கண்டுபிடிப்பும் இருந்தது. போன் ஒரு மணி அடித்து நின்றால் சுகம். இரண்டு என்றால் பணம் அனுப்பியாச்சு. மூன்று என்றால் கடிதம் வருகிறது. நான்கு என்றால் ஊருக்குப் புறப்பட்டுவிட்டேன். 'எது வந்தாலும் எடுத்துராதே' என்பதற்குக் கீழே இரண்டு கோடு.

அவள் எடுக்கவில்லை. இருபத்தேழு வருஷம் எடுக்கவில்லை. தினமும் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த கையோடு ஒரு மணி அடிக்கும். எட்டுத் தறி ஓடுகிற இரைச்சலிலும் அது அவள் காதில் விழும். ஆடித்தபசுத் திருவிழா அன்று நாலு லட்சம் ஜனம் கூச்சல் போடுகையில், ரதவீதியில் வளையல் பார்த்துக்கொண்டிருந்தவள், "இந்தா, வீட்டுல மணி அடிச்சிட்டு" என்றாளாம். இதில் முக்கால்வாசி நிஜம். ஊருக்குப் புறப்படும் அந்த நான்கு மணி மட்டும் எல்லாம் சேர்த்து எட்டுத் தடவைதான் அடித்தது. அந்த எட்டு லீவையும் கூட்டினாலும், புருஷன் பெண்டாட்டி ஒரே கூரையின் கீழ் இருந்தது இரண்டு வருஷம் தேறாது.

வெளியூரில் கட்டிக் கொடுத்த மகள் மிஸ்ரியா ஒருநாள் வந்து டச் போனில் வாப்பாவின் முகத்தையே கொண்டுவந்து காட்டினாள். இருவரும் கால் மணி நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"பேசும்மா."

"என்னத்தட்டி பேச? அதான் அஸருக்கு அடிச்சாவள்லா."

மறுநாளிலிருந்து பழையபடி மணிதான். பேச்சையெல்லாம் அவள் சேர்த்து வைத்திருந்தாள். நோன்பு முடிந்ததும் கணக்கை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்துவிடுவதாக அவர் எழுதியிருந்தார். வந்து உட்கார்ந்த பிறகு சாவகாசமாக, விலாவரியாகப் பேசிக்கொள்ளலாம். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

பெருநாள் கழிந்த ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி வாக்கில் கரண்ட் போய்த் தறிகள் நின்றிருந்தன. போன் அடித்தது. வழக்கமான நேரமில்லை. எதிர்வீட்டுச் சீனியம்மாள் வாசலில் நின்றபடியே எண்ணினாள்.

"மூணு... ஏட்டி பீவி, நாலு! நாலுட்டி! அண்ணாச்சி பொறப்பட்டுட்டாவ!"

மீரா பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஐந்தாவது அடித்தது.

"அஞ்சுக்கு என்னட்டி?"

"அஞ்சு கிடையாது."

ஆறு. ஏழு.

"எடுட்டி மூதி!"

"எடுக்கப்படாது சீனி. அவுகளுக்குக் காசு போயிரும். சந்தோசத்துல விளையாடுதாவ."

பதினொன்றில் நின்றது. உடனே மறுபடி அடித்தது. இந்தத் தடவை அவள் கை ரிசீவரின் மேலேயே இருந்தது. மணியின் நடுக்கம் விரல்களில் ஏறியது. அதுவும் பதினொன்று. மூன்றாம் தடவை அடித்தால் எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். அடிக்கவில்லை.

அன்று மத்தியானம் நாட்டுக்கோழிக்குச் சொல்லி வைத்தாள். அஸருக்கு மணி வரவில்லை. பிரயாணத்தில் இருக்கிறவர் எப்படி அடிப்பார்!

மறுநாள் முதல் பஸ்ஸில் மிஸ்ரியா வந்தாள். தெருமுனையிலேயே அவள் அழுகைச் சத்தம் கேட்டது. சவுதியில் வாப்பாவோடு ஒரே அறையில் இருந்த மைதீன் அவளுக்குப் போன் போட்டிருந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரி வண்டி வருமுன் இரண்டு தடவை வீட்டுக்கு அடித்திருக்கிறார்.

"'மகளுக்குப் போட்டுத் தாரேண்ணே'ன்னு மைதீன் சொல்லியிருக்காரும்மா. 'வேண்டாம்பா, இன்னைக்கு அவ எடுப்பா'ன்னாவளாம்."

அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்து இரண்டு மாதத்தில், அந்தத் தெருவின் பழைய கம்பிகளைக் கழற்ற டெலிபோன் ஆபீஸிலிருந்து இசக்கித்துரை வந்தார்.

"தம்பி, எங்க வீட்டுக்காரவுக போய்ச்சேந்த அன்னைக்கு வந்த ரெண்டு காலும் உங்க ஆபீஸ்ல எங்கனயாவது பதிஞ்சு கிடக்குமா?"

"எடுக்காத காலுல என்னக்கா பதியும்?"

"மணி அடிக்கையில அவுக அங்கன ஏதாச்சும் சொல்லியிருப்பாவள்லா?"

"நீங்க எடுத்தாத்தான்க்கா இங்கன கேக்கும்."

அவள் ரிசீவரை முந்தானையால் ஒருதடவை துடைத்தாள்.

"வெட்டுறதுக்கு முந்தி ஒருவாட்டி அடிச்சு விடுதீயளா?"

அவர் தன் செல்போனில் நம்பரைப் போட்டார். முதல் மணி முழுசாக அடித்து முடியுமுன் அவள் எடுத்துவிட்டாள்.

"ஹலோ?"

"ஹலோ" என்றார் இசக்கித்துரை, நாலடி தள்ளி நின்று.

"சொல்லுங்க."

அவள் அவரைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க, கேக்குதேன்."

இசக்கித்துரை செல்போனைத் தோளில் இடுக்கியபடியே கம்பியை வெட்டினார்.