ஒன்பதாம் வெட்டு

ஒன்பது என்று இருந்ததை நான் இரண்டு என்று எழுதினேன். கண் மங்கல் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். எழுபத்தாறு வயதுக்காரன் சொன்னால் யாரும் நம்புவார்கள். ஆனால் தெரிந்தேதான் எழுதினேன். அந்த எண் என் தங்கை கணவருடைய மூச்சின் அளவு. மாற்றி எழுதியதற்குக் காரணம் பொறாமை.

அந்தப் பொறாமைக்கு வயது அதிகம். எங்கள் அப்பா வட ஆர்க்காட்டிலிருந்து வந்து தங்கச் சுரங்கத்தில் இறங்கியவர். என்னை பி.ஏ. வரை படிக்கவைத்தார். நான் சுரங்க அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஷிப்ட் வருகையைப் பதிந்தேன். ஒருநாளும் ஆட்களை இறக்கும் கேஜ் கூண்டில் ஏறிக் கீழே போனதில்லை. தங்கைக்கு வாய்த்த மாப்பிள்ளையோ நந்திதுர்க் சுரங்கத்தில் ஷாப்ட் குழி வழியாகக் கீழே இறங்கியவர். பூமிக்கடியில் எந்த லெவலில் வெக்கை அதிகம், எங்கே பாறை முனகுகிறது என்று அப்பாவும் அவரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். நான் ஏதாவது கேட்டால், "அது கீழ எறங்குனவனுக்குத்தான்டா தெரியும்" என்பார் அப்பா. பிறகு ஒருநாள், பாறைக்குள் வெடிக்காமல் தங்கியிருந்த வெடிமருந்து, துளைபோடும்போது வெடித்து மாப்பிள்ளையின் இரண்டு கண்களும் போயின. ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதுகொண்டிருந்த தங்கையின் தோளைப் பிடித்தபடி நின்றேன். இனி அப்பா என்னிடம்தான் பேசியாக வேண்டும் என்று அப்போது என் மனத்தில் ஓடியது. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

சுரங்கம் மூடிப் பல வருஷம் கழித்து, நுரையீரலில் தூசி படிந்தவர்களுக்காகச் சுரங்கத்தை ஒட்டிய பாலகாட்டில் ஒரு சிறிய இலவச மருத்துவ நிலையம் வந்தது. நான் அங்கே உதவிக்குப் போனேன். ஒவ்வொருவரும் தன் மூச்சு எப்படி இருக்கிறது என்பதை வாரந்தோறும் தானே தெரிவிக்க வேண்டும், மோசம் என்றால் மறுநாளே வண்டி வீட்டுக்குப் போகும் என்பது டாக்டரம்மாவின் ஏற்பாடு. அதற்கான படிவத்தை நான்தான் எழுதினேன். பத்துப் படிகள் உள்ள ஓர் ஏணிப்படம். உச்சிப்படி நல்ல மூச்சு, அடிப்படி மோசம். எத்தனையாவது படியில் இருக்கிறீர்கள் என்று எண்ணை எழுத வேண்டும். கண் தெரியாதவர், கை நடுங்குகிறவர், காது கேளாதவர் வந்தால் முகத்தைப் பார்த்து நானே ஓர் எண்ணைப் போட்டுவிடுவேன். மாப்பிள்ளைக்கும் அப்படித்தான் ஏழு போட்டேன்.

"இன்னா மச்சான், என் மூச்ச நீ எழுதுற? உன் மூச்ச யாரு எழுதுறாங்க?" என்றார்.

அடுத்த வாரம் ஒரு கட்டையோடு வந்தார். முழ நீளம். ஓரத்தில் ரம்பத்தால் போட்ட பத்து வெட்டுகள். மேல்முனையில் ஓர் ஆணிக்கொண்டை. சைக்கிள் டியூபில் அறுத்த ரப்பர் வளையம் ஒன்று வெட்டுக்கு வெட்டு நகர்ந்து உட்காரும். "ஆணி கீற எடம் தரை, டாக்டரம்மா. மூச்சு நல்லா கீதுன்னா மேலயே நிப்பாட்டு. முடியலன்னா எறக்கு. பத்தாவது லெவல்னா ஆளு காலி." கண்ணில்லாதவர் தடவிப் பார்க்கலாம், காது கேளாதவர் கண்ணால் பார்க்கலாம், கை நடுங்கினாலும் வளையத்தைத் தள்ளிவிடலாம்.

டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டு வெட்டுகளைத் தடவிப் பார்த்தார். பிறகு என் படிவங்களை எடுத்துவரச் சொன்னார். மூச்சிரைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏன் எட்டு, ஒன்பது என்று எழுதுகிறார்கள் என்பது அவருக்குப் பல நாள் குழப்பம். மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "எங்களுக்கு மொத லெவல் மேலதாம்மா. எண்ணிக்கை தரையில இருந்து கீழ போவும். ஏணிய கீழ இருந்து எண்ணுறது ஆபீஸ்ல இருந்தவங்க பழக்கம்." சுற்றி இருந்த கிழவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் ஏணியை அத்தனை பேரும் தலைகீழாகவே எண்ணியிருக்கிறார்கள். கீழே ஒருமுறையேனும் போயிருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும்.

படிவத்தை நிறுத்திவிட்டு, இரண்டு மாதத்துக்கு ஆளுக்கொரு கட்டை கொடுத்துச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. திங்கட்கிழமைகளில் வீடு வீடாகப் போய் வளையம் நிற்கும் இடத்தைப் பார்த்துவந்து கணினியில் ஏற்றுவது என் வேலை. மூன்றாவது திங்கட்கிழமை தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளை கட்டிலில் சாய்ந்திருந்தார். கதவோரம் தொங்கிய கட்டையில் வளையம் ஒன்பதில் நின்றது. அவர் நெஞ்சு இழுக்கும் சத்தமும் எனக்குக் கேட்டது.

"பாத்துக்கினயா மச்சான்? உன் ஏணியெல்லாம் வேணாம். கட்ட இன்னா சொல்லுதோ அத மட்டும் எழுது, போதும்" என்றார், மூச்சுக்கு நடுவே சிரித்துக்கொண்டு.

நிலையத்துக்குப் போய்க் கணினியில் இரண்டு என்று எழுதினேன்; கட்டைக் கணக்கில் அது நல்ல மூச்சு. மேலிருந்து ஒன்பதாவது என்பது கீழிருந்து இரண்டாவதுதானே. யாராவது கேட்டால் பழைய பழக்கத்தில் ஏணிக் கணக்கில் எழுதிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அவருக்கு ஒன்றும் ஆகாது, அந்தக் கட்டைக்குத்தான் பெயர் கெடும் என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை வண்டி வரவில்லை. புதனும் வரவில்லை. போன் செய்கிறேன் என்று தங்கை கெஞ்சியிருக்கிறாள். "பேச முடியாதவன் போன்ல இன்னா பண்ணுவான்? கட்ட சொல்லிடுச்சு, வண்டி வரும், இரு" என்று தடுத்திருக்கிறார். வியாழக்கிழமை மத்தியானம் உதடு நீலமாகிவிட, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்தார். ஆனால் அன்றிலிருந்து ஆக்சிஜன் மெஷினின் குழாய் எட்டும் தூரம்தான் அவருடைய நடமாட்டம்.

டாக்டரம்மா கணினியைப் பார்த்தார். இரண்டு என்று இருந்தது. நம்பகமில்லை என்று கட்டைகளையெல்லாம் திரும்ப வாங்கச் சொன்னார். நான் வாங்கிவந்து அடுக்கினேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

என் வாயைத் திறக்கவைத்தவை மாப்பிள்ளையின் விரல்கள். நலம் விசாரிக்கப் போனபோது, தன் கட்டையை மட்டும் திருப்பித் தராமல் மடியில் வைத்துக்கொண்டு ஆணியிலிருந்து ஒவ்வொரு வெட்டாகத் தடவி எண்ணிக்கொண்டிருந்தார். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. "நாளெல்லாம் இதே வேலைதான்ணா" என்றாள் தங்கை. "ஒம்போதுலதான் வெச்சேன் மச்சான்," என்றார் அவர். "ரெண்டுன்னு கீதாம். வெரலும் போயிடுச்சா எனக்கு?" கண் போன பிறகு அந்த விரல்களை நம்பித்தான் அவர் ஷேவ் செய்துகொண்டார், காய் நறுக்கினார், பேத்தியின் முகத்தை அறிந்துகொண்டார்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவரையே அழைத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய், அவள் முன்னாலும் சொன்னேன். தங்கை தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை மடியிலிருந்த கட்டையைத் தடவி, "அப்போ என் வெரலு சரியாத்தான் இருந்துச்சு" என்றார். அவர் முகம் தெளிந்தது. அது எனக்காகத் தெளியவில்லை என்று எனக்குத் தெரியும்.

கட்டைகள் மறுபடி வீடுகளுக்குப் போயின. இப்போது பார்க்க வருகிறவர் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும், காது கேளாதவருக்கு விரல்விட்டுக் காட்ட வேண்டும். நோயாளி தலையசைத்த பிறகுதான் பதிவு. கணினி வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். புதிதாக வருகிறவர்களுக்குக் கட்டை செய்துதர அனுமதி கேட்டேன். இந்த வயதில் ரம்பம் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். டாக்டரம்மா வெளியூர்க்காரர்களிடம் மாப்பிள்ளையைப் பற்றிப் பெருமையாகச் சொல்லும்போது, என்னுள் இன்னும் சுருக்கென்கிறது. அது போகுமென்று தோன்றவில்லை.

நான் செய்த கட்டைகளை மாப்பிள்ளை தடவிப் பார்த்துச் சரி என்றால்தான் வெளியே போகும். முதல் பத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொன்றாக வாங்கித் தடவினார். ஏழு கட்டைகளைப் பக்கத்தில் வைத்தார். மூன்றை என் கையிலேயே திருப்பித் தந்தார்.

"இதுங்கள்ல ஆறாவது வெட்டு ஆழம் பத்தல. வளையம் வழுக்கும். வேற போட்டுக் கொண்டாங்க, சார்" என்றார்.