அக்கா எனக்காகச் செய்த ஜெபம்

முன்பல் ஒன்று விழுந்த பிறகு, கள்ளக்குறிச்சிக்குப் போய்க் கழற்றி மாட்டும் பல் கட்டிக்கொண்டேன். கச்சிராயபாளையத்தில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் வீட்டுக்காரர். இன்னொருவர் எனக்குத் துணையாக வந்த பக்கத்து வீட்டு அக்கா. எங்கள் சபையில் எல்லோரையும்விட உரக்க ஜெபிப்பவர் அவர்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் இருபது பெண்கள் பாயில் முழங்கால் போட்டிருந்தோம். அக்கா என் தலைமேல் கை வைத்து ஆரம்பித்தார்.

"ஆண்டவரே, தங்கச்சிக்கு வெச்சிருக்கிற பொய்ப்பல்லு ஆடாம நிக்கணும். வெக்கப்பட்டுக்கினு வாயப் பொத்திக்கினே பேசுதுப்பா. அந்த வெக்கத்தையும் எடுத்துப் போடுங்க."

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நான் நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவள். கண்ணைத் திறந்தபோது அத்தனை பேரும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் ரவிக்கை தைக்கத் துணி கொண்டுவந்தவள், அளவு சொல்வதற்கு முன்பே, "எந்தப் பல்லுக்கா? நெசமாவே தெரியலியே" என்றாள்.

சின்ன விஷயம் என்று எனக்கும் தெரியும். சிலுவையைப் பார், உன் பல் ஒரு பொருட்டா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லச் சொல்லத் தையல் மெஷினை இன்னும் வேகமாக மிதித்தேன். கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் 'நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்ற வரி வரும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டேன். தெரிந்தே எப்படிப் பொய் சொல்வது?

அதன்பின் அக்காவின் மாடு காணாமல் போனது. மேயப் போன கறவை மாடு. அவருக்கு இருந்தது அது ஒன்றுதான். ஐந்தாம் நாள், மலையிலிருந்து வந்த பஸ்ஸில் அக்கா இறங்குவதைப் பார்த்தேன். மணிக்கட்டில் புது மஞ்சள் கயிறு. என்னைக் கவனிக்காமல் அதை அறுத்துச் சாக்கடையில் போட்டுவிட்டு நடந்தார். மாடு தொலைந்தால் கல்வராயன் மலைக்குப் போய்க் குறி கேட்டுக் கயிறு கட்டிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் சபைக்காரர்கள் போகக்கூடாது. முன்பு அப்படிப் போன ஒருத்தியை எல்லோர் முன்னாலும் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். அவள் பிறகு சபைப் பக்கமே வரவில்லை.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம். என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று வெள்ளிக்கிழமை வரை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் சொல்வதும் ஜெபமாகத்தான் இருக்க வேண்டும், அக்கா செய்த மாதிரியே.

"ஜெபக் குறிப்பு இருக்கிறவங்க சொல்லுங்கம்மா" என்றார் ஊழியக்காரரின் மனைவி. நான் எழுந்தேன். அதுவே எல்லோருக்கும் அதிசயம்.

"அக்காவுக்காக ஜெபிக்கணுங்க. செவ்வாக்கெழம அவங்க மல பஸ்ஸுல வந்து எறங்கனத பாத்தேன்."

அக்காவின் வலது கை தானாகப் போய் இடது மணிக்கட்டை மூடிக்கொண்டது, அங்கே கயிறு இல்லாதபோதும். எட்டு நாளாக மாட்டைத் தேடி அலைந்த பாதங்கள் வீங்கியிருந்தன. போன பல்லுக்கு நான் வேறு பல் வைத்துக்கொண்டேன். இவருக்கு மாடும் போய், சபையும் போனால் எங்கே போவார்?

"மல வரைக்கும் போயி மாட்டத் தேடிக்கினு இருக்காங்க" என்றேன். "அது கெடைக்கணும்."

உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டம் முடிந்து செருப்பைத் தேடும்போது அக்கா பக்கத்தில் வந்தார்.

"வேற இன்னா பாத்த?"

"வேற இன்னா கீது பாக்க?"

"சும்மாதான் கேட்டேன்."

"கேக்காதீங்கக்கா. அடுத்த வாரமும் குறிப்பு கேப்பாங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

மாடு இன்னும் கிடைக்கவில்லை. தினமும் அதற்காக மனதாரத்தான் ஜெபிக்கிறேன். ஆனால் மலை பஸ் என்று நான் சொன்னதற்கும் மாடு என்று சொன்னதற்கும் நடுவில் அக்கா மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தின் ருசியை மட்டும் ஆண்டவரிடம் கொடுத்துவிட மனம் வரவில்லை. அதற்கும் ஒருநாள் மன்னிப்புக் கேட்க வேண்டும். இந்த வாரம் கேட்க மாட்டேன்.